நீலச் சீட்டு டிராலி

இந்தக் கடையில் என்னைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க எனக்கே இரண்டு நொடி ஆகும். பதினோரு வருடமாகப் பூச்செடிப் பிரிவில் தண்ணீர் ஊற்றுகிறேன். தொட்டியை ஒரு கையால் தூக்கினால் போதும், தண்ணீர் வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை கோப்பை என்று சொல்லிவிடுவேன். மண்ணை மேலாகப் பார்த்துவிட்டு ஊற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலே காய்ந்து அடியில் சேறாக இருக்கும். மேலே ஈரமாக இருந்து அடியில் பொரிந்து கிடக்கும். அதுவும் போக, வாடுகிற செடியெல்லாம் தாகத்தால் வாடுவதில்லை. வேர் அழுகினாலும் இப்படித்தான் தலையைத் தொங்கப்போடும். அதற்கு மேலும் இரண்டு கோப்பை ஊற்றி மேலோகத்துக்கு அனுப்பிவைக்கிற புண்ணியவான்களை இந்தக் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

பெரிய கடை இது. சிமெண்ட், பெயிண்ட், குழாய், ஆணி எல்லாம் முன்னால். பூச்செடிகள் பின்பக்கத் தகரக் கொட்டகையில். விற்கிற வரைக்கும் செடி பண்ணைக்குச் சொந்தம், செத்தால் பண்ணைக்கு நஷ்டம் என்பதால் கடையில் ஒருவருக்கும் அதைப் பற்றி அக்கறை கிடையாது. பெயிண்ட் டப்பா ஒன்று கவிழ்ந்தால் நாலு பேர் ஓடிவருவார்கள். நானூறு செடி வாடினால் எட்டிப் பார்ப்பதற்கு நான் ஒருத்திதான்.

பண்ணை இங்கிருந்து ஆறு நாள் லாரிப் பயணம். குளிர் லாரி. மூன்றாம் நாள் பாதி வழியில் ஓர் இடத்தில் நின்று, கதவைத் திறந்து, இரண்டு ஆட்கள் குழாய் பிடித்து எல்லா டிராலிகளையும் நனைப்பார்கள். அப்படி நனைத்தும் நூற்றுக்குப் பத்து சுணங்கித்தான் வந்துசேரும். அந்த நிறுத்தத்தில் முழுசாக ஒரு பகல் போகிறதே என்று பண்ணை முதலாளிக்கு ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல்.

அந்தப் பண்ணையில் மருந்து தெளிக்கிற பிரிவை என் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா போகும்போது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாறு. அவனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்குத் தள்ளியது, ஒவ்வொரு வேலையிலும் துரத்தப்பட்டு வந்து நின்றபோது சோறு போட்டது எல்லாம் நான். "அவன நான் தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் விடவில்லை. பண்ணை வேலை அவனுக்கு ஐந்தாவது. அங்கேயும் போன வருடம் மருந்தின் அளவைத் தப்பாகக் கலந்து ஒரு கூடாரம் நாற்றைப் பொசுக்கிவிட்டான். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் இந்த மூடு மருந்தைப் பிடித்தான்.

மருந்து ஒன்றும் மந்திரமில்லை. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன. செடி குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் காற்றில் போகிறது. மருந்தைத் தெளித்தால் வாய் மூடிக்கொள்ளும், தண்ணீர் உள்ளேயே நிற்கும். நனைக்காமலே எட்டு நாள் தாங்கினால் நடுவழி நிறுத்தத்தை எடுத்துவிடலாம் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். தாங்கினால் அவன் ஏற்றுமதிப் பிரிவுக்கே தலைவன். தாங்காவிட்டால் பெட்டி.

போனில் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, உங்க கடையில பின்னாடி ஒரு அறை இருக்குல்ல, லாரிக்குள்ள மாதிரி வெளிச்சம் வராத அறை?"

"இருக்கு. காலி அட்டைப்பெட்டி போட்டு வெச்சிருக்கோம்."

"உள்ள குழாய் இருக்கா?"

"தண்ணி ஊத்தாம வெக்கிற பரிசோதனைக்குக் குழாய் எதுக்குடா?"

"மொத நாள் முழுசா நனைக்கணும்ல. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லேன்."

குழாய் இருந்தது. வேறு கடையில் வைக்கலாமே என்று முதலாளி கேட்டாராம். அப்போது பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் அண்ணன், "அந்தப் பொண்ணு தூக்கிப் பார்த்துச் சொன்னா மிஷின் தப்பும், அது தப்பாதுங்க" என்றாராம். முதலாளி அதோடு சரி என்றுவிட்டார்.

டிரைவர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாகப் பண்ணை லாரி ஓட்டுகிறவர். கடையில் எல்லோருக்கும் நான் தராசு, அவருக்கு மட்டும் தங்கச்சி. கதவைத் திறந்ததும் ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி வரிசையாகச் சொல்வார்: "மூணாவது டிராலி கொஞ்சம் சொணங்கியிருக்கு, மொதல்ல அதப் பாரு. ஏழாவதுல ரெண்டு கெள ஒடிஞ்சிருச்சு, அது என் கணக்கு." ஒடிந்த செடியை விற்க முடியாது. அவற்றைத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர் வீட்டு மாடி முழுக்க எங்கள் கடையின் நொண்டி முடமெல்லாம் பூத்துக் குலுங்குகிறது என்று போனில் படம் காட்டுவார்.

தம்பி நேரில் வந்தான். ஹைட்ராஞ்சியா செடிகள், டிராலிக்கு இருபத்துநாலு தொட்டி. பூச்செடிகளிலேயே மகா குடிகாரச் செடி அது. பெரிய இலை, பெரிய பூக்கொத்து. ஒரு வேளை தண்ணீர் தப்பினால் மூஞ்சியைத் தொங்கப்போட்டுவிடும். நீலச் சீட்டு கட்டிய டிராலிக்கு மருந்து. வெள்ளைச் சீட்டு டிராலிக்கு வெறும் தண்ணீர்த் தெளிப்பு. இரண்டையும் வேர் வரை நனைத்து, அறைக்குள் தள்ளினான். தினமும் காலையில் டிராலிக்கு ஆறு தொட்டியை எடை போட்டுத் தாளில் எழுத வேண்டும், தண்ணீர் கூடாது என்றான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாழ்க்கையே இதுலதான் இருக்குக்கா" என்றான்.

இரண்டாம் நாளே வெள்ளைச் சீட்டு தளர ஆரம்பித்தது. மூன்றாம் நாள் இருபத்துநாலும் படுத்துவிட்டன. நீலம் அப்படியே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெயிண்ட் பிரிவுக்காரர்களைக்கூடக் கூட்டிவந்து காட்டினேன்.

நாலாம் நாள் காலை கதவைத் திறந்தேன். நீலத்தின் இலை ஓரங்கள் மெத்தென்று தொங்கின. ஒரு தொட்டியைத் தூக்கினேன். காலி டப்பாவாக இருந்தது.

மருந்து பொய்யில்லை. வெள்ளையைவிட இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கியது. எங்கள் தொழிலில் இரண்டு நாள் என்பது பெரிய விஷயம். யாராவது அந்த இரண்டு நாளுக்கு ஒரு மரியாதை கொடுத்திருந்தால் நான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் கேட்டது எட்டு நாள்.

குழாய் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ரொம்ப நேரமெல்லாம் யோசிக்கவில்லை, அப்படிச் சொன்னால் பொய். கோப்பையை எடுத்து நீலச் சீட்டுத் தொட்டிகளுக்கு மட்டும் அரைக் கோப்பை வீதம் ஊற்றினேன். ஆறாம் நாள் இன்னும் அரைக் கோப்பை. வெள்ளைக்கு ஒரு சொட்டு ஊற்றவில்லை. அவை என் தம்பியின் செடிகள் இல்லை.

தாளில் உண்மை எடையை எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே மனக்கணக்காக எழுதினேன். நேற்றைவிட எண்பது கிராம் குறைவு. இன்றைக்கு எண்பது. நாளைக்கும் எண்பது. பதினோரு வருடத்தில் என் கை சொன்ன முதல் பொய் அது. எட்டாம் நாள் நீலச் சீட்டுச் செடிகள் நிமிர்ந்து நிற்க, கடை மேனேஜரே படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினார்.

தம்பி தலைவனானான். நடுவழி நிறுத்தம் போயிற்று. அங்கே குழாய் பிடித்த இரண்டு ஆட்களையும் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். வழியில் கதவைத் திறந்தால் வெப்பக்காற்று புகுந்து மருந்தின் வேலை கெடும், அதனால் லாரிக்குச் சீல் வைக்க வேண்டும் என்று தம்பி யோசனை சொல்ல, அதுவும் நடந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவனுக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் முந்திக்கொண்டான். தனி அறை கொடுத்திருக்கிறார்கள், கதவில் பெயர்ப்பலகை, முதலாளி பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுகிறார். முப்பத்துநாலு வருடத்தில் அவன் குரலில் அந்த மாதிரி சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. சந்தோஷம்டா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

முதல் லாரி கிளம்பியது. இரண்டாயிரம் தொட்டி.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் ரோஜாக்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"தங்கச்சி, நான்தான். பாதி வழியில நிக்கிறேன். பழைய எடம்தான். ஆளு யாரும் இல்ல, குழாய் மட்டும் அப்படியே இருக்கு."

"ஏண்ணே நின்னீங்க?"

"கதவு இடுக்குல மூக்க வெச்சுப் பார்த்தேன். ஈர வாசனையே இல்ல. வைக்கோல் மாதிரி அடிக்குது. பன்னெண்டு வருஷமா இந்தக் கதவத் திறக்கறேன், எனக்கு இது சரியாப் படல. சீல உடைச்சு ஒரு தடவ நனைச்சு விட்டுடட்டுமா?"

"உடைச்சா கேள்வி வரும்ணே."

"வரட்டும், நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா நாம பாட்டுக்கு உடைச்சு, உன் தம்பி வேலையக் கெடுத்த மாதிரியும் ஆகக் கூடாது பாரு. அதான் உன்னக் கேக்கறேன். எட்டு நாளும் பக்கத்துல இருந்து பார்த்தவ நீதான். தாங்குமா, தாங்காதா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு ரோஜாத் தொட்டி நிறைந்து வழிந்து என் செருப்பை நனைத்தது. தாங்காது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. சீலை உடைத்தால் பரிசோதனை லாரி பாழ், முதலாளி கேட்பார், தம்பியின் பெயர்ப்பலகை போகும். இரண்டாயிரம் செடிகளும் அந்த மனுஷனும் ஒரு பக்கம், என் தம்பி ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

"தாங்கும்ணே. திறக்காதீங்க."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டார்.

ஆறாம் நாள் காலை லாரி வந்தது. முதலாளியும் தம்பியும் முந்தின நாளே விமானத்தில் வந்துவிட்டார்கள். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். முதலாளி தன் கையாலேயே சீலை உடைத்தார். கதவு திறந்தது.

வாசனையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. டிராலி டிராலியாக வெளியே இழுத்தோம். இலைகள் தொட்டால் நொறுங்கின. பூக்கொத்துகள் ஈரத்துணி காய்ந்த மாதிரி தண்டோடு ஒட்டிக் கிடந்தன. தொட்டிகளில் இருந்தது தென்னை நார்த்தூள். அது ஒரு தடவை முழுசாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை வாங்காது. ஊற்றுவதெல்லாம் ஓரமாக வழிந்து ஓடிவிடும். தொட்டியோடு அண்டாவில் முக்கித்தான் தேற்ற வேண்டும். நான் போய் அண்டாக்களை இழுத்துவந்து முக்க ஆரம்பித்தேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

மேனேஜர் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். லாரியின் குளிரைப் பதிவு செய்கிற தாள் மேஜைமேல் விரிந்து கிடந்தது. இரண்டாம் நாள் அதில் மூன்று மணி நேரம் சூடு ஏறிய ஒரு மேடு.

"இது என்ன?" என்றார் முதலாளி.

"குளிர் மிஷினோட டீசல் வடிகட்டி அடைச்சுக்கிச்சுங்க. நானே கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டினேன். மூணு மணி நேரத்துல இவ்வளவு செடி சாகாதுங்க" என்றார் டிரைவர் அண்ணன்.

சாகாதுதான். செடி வளர்க்கிற யாருக்கும் அது தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆனால் எட்டு நாள் தாங்கிய மருந்து ஆறு நாளில் எப்படிக் கைவிட்டது என்பதற்கு அந்த மேடு ஒன்றுதான் கண்ணில் பட்டது.

"நடுவுல நின்னிருக்க. அது எதுக்கு?"

"காஞ்ச வாசன அடிச்சுது. சீல உடைச்சு நனைக்கட்டுமான்னு தங்கச்சிகிட்டப் போன் போட்டுக் கேட்டேன். தாங்கும், திறக்காதீங்கன்னு சொல்லுச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி மட்டும் பார்க்கவில்லை, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டாராம்மா?" என்றார் முதலாளி.

கேட்டார் என்று சொன்னால் அடுத்த கேள்வி என் எட்டு நாள் தாளைப் பற்றி வரும்.

"போன் பண்ணினாரு. எப்ப வந்து சேருவேன்னு சொன்னாரு. சீல் பத்தி எதுவும் கேக்கல."

டிரைவர் அண்ணன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. போனை நீட்டி நியாயம் கேட்கவும் இல்லை. சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அப்ப சரிங்க. தராசு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பதினோரு வருடத்தில் அவர் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெளியே போய் லாரியின் முன்பக்கத்திலிருந்து தன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். ஒடிந்த செடி எதையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் வரை முக்கினேன். முக்கிய முந்நூறு தொட்டியில் நாற்பதுக்கு இலை கொஞ்சம் நிமிர்ந்தது. பூ ஒன்றுகூடத் தேறவில்லை. மீதியைக் கொட்டகைக்குப் பின்னால் குவித்தார்கள். தம்பி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினான்.

"விடுக்கா. தேறாது."

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அந்தப் பரிசோதன பொய்டா. நாலாவது நாளும் ஆறாவது நாளும் நான் தண்ணி ஊத்தினேன். நீலத்துக்கு மட்டும்."

அவன் இடிந்துபோவான், என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கையிலிருந்த தண்ணீரை உதறினான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தாளப் பார்த்த அன்னிக்கே தெரியும். நெசமாக் காயற தொட்டி ஒரு நாள் நூறு கொறையும், மறுநாள் அறுபதுதான் கொறையும். நீ எழுதினது படிக்கட்டு மாதிரி அளவா எறங்கியிருந்துச்சு."

"தெரிஞ்சுமா இத்தன செடிய ஏத்தி அனுப்பின?"

"அஞ்சு நாளாவது தாங்கும்னு நெனச்சேன். கடைசி நாள் கொஞ்சம் வாடி வந்தாலும் நீ தேத்திடுவேன்னு நெனச்சேன்." பக்கத்திலிருந்த தொட்டியைத் திருப்பி வைத்தான். "வேற எந்தக் கடையில வெச்சிருந்தாலும் நாலாவது நாளே என் கத முடிஞ்சிருக்கும். நீ பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேன்னு தெரியும். அதான் மொதல்லயே குழாய் இருக்கான்னு கேட்டேன்."

நன்றி சொல்கிற குரலில்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. அவனை ஓங்கி அறையத் தோன்றியது. அதைவிட அவமானம் பெரிதாக இருந்தது. வாழ்க்கையில் நான் செய்த ஒரே களவு, அவனுக்காக, அவனுக்குத் தெரியாமல் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் அவனே என் தலையில் கட்டியிருக்கிறான்.

"அந்த மனுஷன் வேல போச்சுடா."

"அவருக்கென்ன, லைசென்ஸ் இருக்கு, எங்க வேணா ஓட்டுவாரு" என்று எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

ஒன்றரை மாதம் கழித்துப் பண்ணையிலிருந்து இரண்டு டிராலி வந்தது. டிரைவரால்தான் கெட்டது என்று முடிவாகிவிட்டாலும், அடுத்த லாரிக்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அதே அறை, அதே தராசு. லாரி ஓட்டிவந்தது புது ஆள். கதவைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். தம்பி இந்தத் தடவை வரவில்லை. உதவியாளை அனுப்பி மருந்து தெளிக்கச் சொல்லிவிட்டு, போனில் பேசினான்.

"போன தடவ மாதிரியே பண்ணிடுக்கா."

"போன தடவ மாதிரின்னா?"

"உனக்குத் தெரியாததா."

முதல் நாள் நனைத்து முடித்ததும் அந்தக் குழாயின் திருகைக் கழற்றி மேனேஜரிடம் கொடுத்தேன். எட்டு நாள் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டார்.

அந்த எட்டு நாளைப் பற்றி என்ன சொல்ல. இரண்டாம் நாள் வெள்ளை தளர்ந்தது. நாலாம் நாள் காலை நீலத்தின் இலை ஓரம் மெத்தென்று ஆயிற்று. எடை போட்டு எழுதினேன். முந்தின நாளைவிட நூற்றுப்பத்து குறைவு. கை தானாகக் குழாய்ப் பக்கம் போயிற்று. திருகு இல்லாத மொட்டைக் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. வெளியே போய் ஒரு மூச்சு அழுதேன். பதினோரு வருடமாக வாடிய இலையைக் கண்டால் ஓடிப்போய் ஊற்றிய கை இது. ஐந்தாம் நாள் தம்பி வீடியோவில் கூப்பிட்டு டிராலியைக் காட்டச் சொன்னான். காட்டினேன். அவன் முகம் செத்துவிட்டது.

"அக்கா, ஒரு வாய் ஊத்துக்கா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல."

"திருகு மேனேஜர்கிட்ட இருக்கு."

"போய் வாங்கு."

நான் வாங்கவில்லை. அடுத்த மூன்று நாளும் தினம் நாலைந்து தடவை கூப்பிட்டான். எடுத்து, அவன் சொல்வதையெல்லாம் கேட்டேன். சின்ன வயதில் காய்ச்சலில் புலம்பும்போது அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது. அப்போது நெற்றியில் ஈரத்துணி போட முடிந்தது.

எட்டாம் நாள் நாற்பத்தெட்டுத் தொட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை. உள்ள எடையை அப்படியே எழுதினேன். தாளின் பின்பக்கத்தில் போன தடவை நான் ஊற்றியதை எழுதினேன். டிரைவர் அண்ணன் போன் பண்ணியதையும், அவர் கேட்டதையும், நான் சொன்னதையும், பிறகு அதை இல்லை என்று சாதித்ததையும் எழுதினேன். தம்பிக்கு எல்லாம் தெரியும் என்பதையும் எழுதினேன். அந்த வரிதான் ரொம்ப நேரம் பிடித்தது. மேனேஜரிடம் கொடுத்து முதலாளிக்கு அனுப்பச் சொன்னேன். அவர் படித்துவிட்டு, "நெசமாவே அனுப்பட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அன்று மத்தியானத்துக்குள் தம்பியைப் போகச் சொல்லிவிட்டார்கள். பண்ணைச் செடிகளை இனிமேல் அந்தப் பெண் தொடக் கூடாது என்று முதலாளி மேனேஜருக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மேனேஜர் பழைய பழக்கத்துக்காக என்னைப் பெயிண்ட் பிரிவுக்கு மாற்றினார். டிரைவர் அண்ணனை மறுபடி எடுத்துக்கொள்ள முடியுமா என்று மேனேஜரை விட்டே முதலாளியிடம் கேட்கச் சொன்னேன். அந்த இடத்துக்குத்தான் ஆள் போட்டாயிற்றே, பார்க்கலாம் என்று பதில் வந்தது.

தம்பி கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினான்.

"அப்பா சொன்னத நீயும் செஞ்சுட்டேல்லக்கா. தண்ணி தெளிச்சு விட்டுட்டேல்ல."

அதற்கப்புறம் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றே வருகிறது.

டிரைவர் அண்ணன் ஒரு குடோனில் மூட்டை இறக்குகிறார் என்று யாரோ சொன்னார்கள். ஒரு லாரிச் சரக்கையே கெடுத்தவர் என்கிற மாதிரி பேச்சுப் பரவிவிட்டதால் லாரி கொடுக்க யாரும் முன்வரவில்லையாம். மறுநாள் சாப்பாட்டு வேளையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார்.

"அண்ணே, நான் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேன். நீங்க கேட்டது, நான் சொன்னது, எல்லாம்."

"ம். பண்ணையில ஒருத்தன் சொன்னான்."

"மன்னிச்சிடுங்கண்ணே."

பின்னால் யாரோ மூட்டையைத் தொம்மென்று போடுகிற சத்தம் கேட்டது.

"அந்தச் செடிங்கள்ல ஒண்ணுகூடத் தேறலையா?" என்றார்.

"நாப்பது தொட்டி மட்டும் கொஞ்சம் நிமிந்துச்சு. அப்புறம் அதுவும் போயிடுச்சு."

பிறகு கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு மேனேஜர் ரூம்ல நீ சொன்னது தம்பிக்காக. அது எனக்குப் புரியுது, கூடப் பொறந்தவன். அத நான் மனசுல வெச்சுக்கல. அதுக்கு முன்னாடி, பாதி வழியில நின்னு நான் உன்னக் கேட்டேன் பாரு, அப்ப நீ நெசமாவே தாங்கும்னு நெனச்சுத்தான் சொன்ன, இல்ல? வீட்டுலயும் நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணுக்கு அப்பத் தெரியாதுன்னு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியும்ணே" என்றேன்.

மூட்டை விழுகிற சத்தம் இன்னும் இரண்டு தடவை கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.